சுண்டெலிச் சீரத்தில் எலைசா: எங்கே பிழைக்கும்

வெப்பத்தால் கொன்ற சல்மொனெல்லாவை ஏற்றினால் சுண்டெலியில் பிறபொருளெதிரி எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிற வேலையில், ஊசி போடுவது சின்னப் பங்கு. பெரிய பங்கு எலைசா, அதாவது சீரத்திலுள்ள பிறபொருளெதிரியை நிறத்தை வைத்து அளக்கிற சோதனை. நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்த பிறகு, பற்றீரியாவை 60 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்துக் கொல்லுகிறோம். அதில் ஒரு துளியை ஏகாரில் (பற்றீரியா வளர்க்கிற ஊட்டக் கூழில்) பூசி 48 மணித்தியாலம் பார்ப்போம். ஒரு கொலனி முளைத்தாலும் முழுவதையும் அழித்துவிட வேணும். 0.1 மில்லிலீற்றரில் 10 கோடி கலங்கள், தோலுக்குக் கீழே, இரண்டு கிழமை இடைவெளியில் இரண்டு தரம். கட்டுப்பாட்டுக் குழுவுக்கு வெறும் உப்புக் கரைசல்.

ஊசிக்கு முந்திய இரத்தத்தைப் பலர் எடுக்காமல் விடுகிறார்கள். பிறகு அழுகை. குடல் பற்றீரியாவுக்கு எதிராக ஏற்கெனவே உள்ள பிறபொருளெதிரிகள் சல்மொனெல்லாவிலும் கொஞ்சம் ஒட்டும். அந்த அடிமட்டம் தெரியாமல் ஏற்றத்தைச் சொல்ல முடியாது. 25 கிராம் எலியில் மொத்த இரத்தமே 2 மில்லிலீற்றருக்குள்தான். ஒரு தரத்துக்கு 0.1 போதும். அரை மணித்தியாலம் உறையவிட்டுச் சுழற்றி, தெளிந்த சீரத்தை -20 பாகையில் வைக்கலாம்.

இனி எலைசா. பிறபொருளெதிரி ஒட்டுகிற பற்றீரியாப் பொருளை, அதாவது அன்டிஜனை, தட்டின் குழிகளில் ஒட்டவைத்து மேலே சீரத்தை விடுகிறோம். அதில் ஒட்டுகிற எலியின் பிறபொருளெதிரியை, பெரொக்சிடேஸ் என்ற நொதியம் இணைத்த இன்னொரு பிறபொருளெதிரி பிடிக்கும். அந்த நொதியம் நிறப்பொருளை நீலமாக்கும். அன்டிஜனைத் தட்டில் ஒட்டவைக்கிற காபனேற்றுக் கரைசலின் பிஎச் 9.6. அதை யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால் போத்தலே பால்போல் கலங்கும். கேத்தலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு. கழுவுகிற தண்ணீர் உட்பட எல்லாம் வடித்த நீராக இருக்க வேணும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

தட்டு முழுக்க நிறமே வராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சோடியம் அசைட்டை. கரைசல் பழுதாகாமலிருக்க யாரோ போட்டிருப்பார்கள். அது பெரொக்சிடேசை முடக்கிவிடும். ஓரக் குழிகள் மட்டும் மாறுபட்டால் வெக்கையில் நீர் ஆவியாகியிருக்கிறது. தட்டை ஒட்டுத்தாளால் மூடி, ஈரப் பேப்பர் வைத்த டப்பாவுக்குள் வையுங்கள். ஓரக் குழிகளில் மாதிரி வேண்டாம். கரண்ட் போய் ஏசி நின்ற நாளில் அதே சீரம் வேகமாக நீலமாகும். அதனால் ஒவ்வொரு தட்டிலும் ஒரே ஒப்பீட்டுச் சீரத்தை 1:100 இலிருந்து இரட்டித்து ஐதாக்கி ஓட்டுகிறோம். அமிலம் விட்டு மஞ்சளானதும் 450 நனோமீற்றரில் வாசிக்கலாம்.

ஐஜிஜி என்ற பிறபொருளெதிரி வகையின் உபவகை பார்க்கிறவர்கள், அதைப் பிடிக்கிற பிறபொருளெதிரியை எலி வர்க்கத்தைப் பார்த்து வாங்குங்கள். பல்ப்-சீ வர்க்க எலியில் 2ஏ உபவகை இருக்கும். சி57 கறுப்பெலியில் அதற்குரிய மரபணு இல்லை, 2சி தான். பிழையான போத்தலை வாங்கிவிட்டுத் தடுப்பூசி வேலை செய்யவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.