உலோக அணைவுகள் மருந்தாகும் பாடம்: ஒன்றை முழுசாகப் படியுங்கள்

தொடக்கக் கல்லூரியில் இடைநிலைத் தனிமங்கள் படிக்கும்போது, பிளாட்டினம் உள்ள புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் ஓரமாக வந்துபோகும். என்யூஎஸ்ஸில் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில்) வேதியியல் எடுத்தால் அது விரிந்துகொண்டே போகும். ரீடிங் வாரத்தில் ஜூரோங் ஈஸ்ட் நூலகத்தில் என்னோடு உட்காரும் தம்பி தங்கைகள் பலர் பிளாட்டினம், தங்கம், ருத்தீனியம் என்று அட்டவணை போடுகிறார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் சிஸ்பிளாட்டினைப் படம் வரைந்து படியுங்கள். எந்த லிகண்ட் (உலோகத்தோடு ஒட்டியிருக்கும் அயனி அல்லது மூலக்கூறு) கழலும், எங்கே கழலும், எது கடைசிவரை ஒட்டியிருக்கும்? இந்தக் கேள்வியை விடாதீர்கள்.

நடுவில் பிளாட்டினம்; அதைச் சுற்றிச் சதுரத் தளத்தில் இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு. இரத்தத்தில் குளோரைடு ஏறக்குறைய 100 மில்லிமோலார் இருப்பதால் மருந்து பெரும்பாலும் அப்படியே பயணிக்கிறது. செல்லுக்குள் குளோரைடு வெகுவாகக் குறைவு. அங்கே குளோரைடு கழன்று, அந்த இடத்தில் நீர் வந்து அமர்கிறது. அப்புறம் நீரும் விலக, பிளாட்டினம் டிஎன்ஏவின் காரங்களில் ஒன்றான குவானைனில் உள்ள என்7 நைட்ரஜனைப் பிடிக்கிறது. அடுத்தடுத்த இரண்டு குவானைன்களை அது பிணைக்கும்போது டிஎன்ஏ வளைகிறது; செல் பிரிவது தடைபடுகிறது. அம்மோனியா இரண்டும் விலகுவதில்லை. லே ஷாட்லியே தத்துவம் (ஒரு பொருளின் அளவு மாறினால் சமநிலை அதை ஈடுசெய்யும் பக்கம் நகரும் என்பது) மனித உடம்புக்குள் வேலை செய்வதை இங்கே பார்க்கலாம். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒரே வகை லிகண்டுகள் அடுத்தடுத்து இருந்தால் சிஸ், எதிரெதிரே இருந்தால் டிரான்ஸ். டிரான்ஸ் வடிவம் ஏன் பயன்படவில்லை என்று கேட்பார்கள். குளோரைடுகள் எதிரெதிரே இருப்பதால் அடுத்தடுத்த குவானைன்களை அதனால் அப்படிப் பிணைக்க முடியாது. தயாரிப்பு முறையையும் சேர்த்தே படியுங்கள்: டெட்ராகுளோரோபிளாட்டினேட்டில் (நான்கும் குளோரைடு) அம்மோனியா சேர்த்தால் சிஸ் வரும், டெட்ராஅம்மைனில் (நான்கும் அம்மோனியா) குளோரைடு சேர்த்தால் டிரான்ஸ் வரும். குளோரைடின் டிரான்ஸ் விளைவு, அதாவது எதிரே இருக்கும் லிகண்டைக் கழலச் செய்யும் தன்மை, அம்மோனியாவைவிட வலுவானது என்பதே காரணம். இரண்டு வழிகளையும் கையால் வரையாமல் தேர்வுக்குப் போகாதீர்கள்.

வரலாற்றுக்கு நான்கு வரி போதும். 1845இல் பெய்ரோன் என்ற வேதியியலாளர் இதைத் தயாரித்தார். 1893இல் வெர்னர் வடிவத்தை விளக்கினார். 1960களில் ரோசன்பர்க் பாக்டீரியாவில் மின்புலத்தைச் சோதித்தபோது, பிளாட்டின மின்முனையிலிருந்து வந்த சேர்மங்களே செல் பிரிவதைத் தடுப்பது தெரியவந்தது. 1978இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சரி, இதைப் பிடித்துவிட்டால் அடுத்த பிளாட்டின மருந்தான கார்போபிளாட்டின் சுலபம். குளோரைடுகளுக்குப் பதிலாக, இரண்டு முனைகளாலும் பற்றும் ஒரே லிகண்ட். அது மெதுவாகக் கழல்வதால் சிறுநீரகத்துக்குத் தொல்லை குறைவு. ஆனால் தங்கச் சேர்மமான ஆரனோஃபின் வந்தால் நிதானியுங்கள். மூட்டுவாதத்துக்கான அந்த மருந்தில் தங்கம் நாடுவது டிஎன்ஏவை அல்ல; புரதங்களில் உள்ள கந்தகத்தையும் செலினியத்தையும்தான். அங்கே குவானைன் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.