கிளிநொச்சிக் கூட்டமும் ஒரு பகிடியும்

2024 யூலை 6, சனி

லினக்ஸ் என்ற கணினி இயங்குதளம் பற்றிய கூட்டத்துக்கு அறிவியல் நகரிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் பிள்ளையள் வந்திருந்தார்கள். பேச வந்தவர் விஷயம் தெரிந்தவர். தாய்ப் புரொசெஸ் (கணினியில் ஓடுகிற புரோகிராம்) முடிந்தபிறகும் அது தொடக்கிவிட்ட பிள்ளைப் புரொசெஸ் ஓடிக்கொண்டிருந்தால் அதை ‘ஓர்பன்’, அதாவது அநாதை, என்பார்கள், வழக்கமாக முதலாம் இலக்கப் புரொசெஸ் அதைப் பொறுப்பெடுக்கும் என்று விளக்கினார். அதுவரை சரி. அடுத்த ஸ்லைடில் அழுகிற குழந்தையின் படம். “இஞ்ச எத்தனை பேர் இப்பிடி ஓர்பன்?” என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். நடுவரிசைப் பிள்ளை ஒருத்தி மடிக்கணினியை மூடி, வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்து, எழும்பிப் போய்விட்டாள்.

போர் முடிந்த 2009 இல் ஐந்தாறு வயதாக இருந்தவர்களிடம், அதுவும் இந்த ஊரில், கேட்கிற கேள்வியா இது?

யூலை 7, ஞாயிறு

வாட்ஸ்அப்பில் ஒரே சண்டை. “பகிடியைப் பகிடியா எடுங்கோ” என்கிறார் ஒருவர். கம்பஸில் பகிடிவதை செய்கிறவர்களும் இதைத்தான் சொல்வார்கள். 1998 இல் அதற்கெதிராகச் சட்டமே வந்தாயிற்று. இன்னொரு தம்பிக்கு ‘ஓர்பன்’ என்ற சொல்லையே தடைசெய்ய வேண்டுமாம். விசர்க்கதை. பாடத்தில் இருக்கிற சொல் என்ன செய்தது? படமும் கேள்வியும்தான் பிழை.

யூலை 10, புதன்

பேச்சாளர்களுக்கான விதிகளை எழுத உட்கார்ந்தோம். அண்ணை ஒருவர் 2013 இல் நடந்த பைகொன் என்ற பைதன் புரோகிராமிங் மாநாட்டின் கதையை எடுத்தார். கலிபோர்னியாவில், பார்வையாளர் வரிசையில் இரண்டு ஆண்கள் டொங்கிளை (கணினியில் செருகுகிற சின்னக் கருவி) வைத்து ஆபாசப் பகிடி விட, முன்னால் இருந்த பெண் அவர்களைப் படமெடுத்து ட்விட்டரில் போட்டார். கடைசியில் அவர்களில் ஒருவருக்கும் வேலை போனது, அந்தப் பெண்ணுக்கும் போனது. “விதி போட்டா இதுதான் நடக்கும்” என்றார்.

எனக்கு அப்படிப் படவில்லை. அங்கே ஏற்பாட்டாளர்கள் அன்றைக்கே இரு பக்கத்தோடும் கதைத்துவிட்டார்கள். வேலையைப் பறித்தது பிறகு இணையத்தில் கிளம்பிய அமளியும் பயந்துபோன கம்பனிகளும். ஆனால் விதி மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். 2011 இல் பிரிஸ்பேன் லினக்ஸ் மாநாட்டில் விதி இருந்தும் முதன்மை உரையொன்றில் பாலியல் படங்கள் வந்து, ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

அதனால் இரண்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்லைடுகள் முதல்நாளே எங்கள் கைக்கு வரவேண்டும். யாரிடம் முறையிடுவது என்று மண்டப வாசலில் ஒரு அக்காவின் பெயரும் நம்பரும் ஒட்டவேண்டும். அண்ணை முகத்தைச் சுளித்தபடி ஒத்துக்கொண்டார்.

யூலை 12, வெள்ளி

நாளைய பேச்சாளர் ஸ்லைடுகளை அனுப்பிவிட்டார். கூடவே ஒரு கேள்வி: கரண்ட் போறதைப் பற்றி ஒரு பகிடி இருக்கு, விடலாமோ? தாராளமாக விடச் சொன்னேன்.