துறையின் ஸ்காலர் பிரதிநிதிக்கு என்ன வேலை?

பிஎச்.டி. மாணவர்களின் துறைப் பிரதிநிதி பதவிக்குப் பெரும்பாலும் போட்டியே இருக்காது. மாணவர் தேர்தலில் நிற்க ஆய்வு மாணவருக்கு லிங்டோ கமிட்டி வைத்த வயது வரம்பு 28. ஸ்காலர்களில் பலர் அதைத் தாண்டியிருப்பார்கள். ஆகவே பல துறைகளில் துறைத் தலைவர் (எச்.ஓ.டி.) ஒருவரைக் கூப்பிட்டு, "இனிமே நீங்க பாத்துக்கோங்க" என்று சொல்வதோடு தேர்தல் முடிந்துவிடும். அப்படி வந்த பதவியானாலும், எல்லா ஸ்காலர்களிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வையுங்கள். என்றாவது ஒரு கடிதத்தைப் பார்த்து "உங்களை யார் பேசச் சொன்னது?" என்று கேட்டால், அந்தத் தாளைக் காட்டலாம்.

ஸ்காலருக்கு எது நகர வேண்டுமானாலும் ஆய்வு நெறியாளரான கைடு கையெழுத்துப் போட வேண்டும். அப்படியிருக்க, தாமதம் கைடிடமே என்றாலும் அதை ஸ்காலர் எழுத்தில் சொல்லத் துணிய மாட்டார். அவர் பெயர் வெளியே தெரியாமல், அதைத் துறையின் பொதுப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு போகத்தான் பிரதிநிதி. அதற்குக் கையில் தேதிகள் இருக்க வேண்டும்.

முதல் வாரத்திலேயே ஒரு எக்ஸெல் ஷீட் தொடங்குங்கள். பதிவு எண், சேர்ந்த தேதி, எந்த ஃபெல்லோஷிப், இரண்டு ஆண்டு முடியும் நாள், கடைசியாகப் பணம் வந்த மாதம், கடைசி ஆலோசனைக் குழுக் கூட்டம் நடந்த தேதி, இப்போது தாள் எந்த மேசையில் இருக்கிறது. பெயர்ப் பட்டியல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். கடிதத்தில் "7 பேருக்கு ஜூலை மாதம் உறுதி செய்யப்படவில்லை" என்ற அளவில் போனால் போதும்.

அதிகம் வரும் புகார் பணம்தான். யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தரும் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கனரா வங்கியின் உதவித்தொகைத் தளம் வழியாக வருகிறது. அங்கே பல்கலைக்கழகத்தின் சார்பில் 'மேக்கர்' ஒருவர், 'செக்கர்' ஒருவர். மேக்கர் மாதாமாதம் ஸ்காலரின் பெயருக்கு எதிரே உறுதி செய்வார், செக்கர் ஒப்புதல் தருவார். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் பணம் நகராது. "யூஜிசி இன்னும் அனுப்பல" என்று பல்கலைக்கழக அலுவலகப் பிரிவான செக்‌ஷனில் சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். வருகைச் சான்று துறையிலிருந்து எந்தத் தேதியில் போனது, மேக்கர் பதிவு செய்தாரா, செக்கர் ஒப்புதல் தந்தாரா என்று இந்த வரிசையிலேயே கேளுங்கள். முடிச்சு பெரும்பாலும் துறை அலுவலகத்துக்கும் செக்‌ஷனுக்கும் நடுவில்தான் விழுந்திருக்கும்: வருகைச் சான்று தாமதமாகப் போயிருக்கும், அல்லது மேக்கர் விடுப்பில் இருப்பார், அவருக்கு மாற்று ஆள் இருக்க மாட்டார். ஒருவருக்கு மட்டும் வரவில்லையென்றால் வங்கிக் கணக்கு, ஆதார் விவரங்களைப் பாருங்கள். எல்லோருக்குமே வரவில்லையென்றால்தான் யூஜிசிக்கு எழுத வேண்டும். அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுவான சி.எஸ்.ஐ.ஆர். தரும் பணம் வரும் வழி வேறு, இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் இரண்டுமே நிற்கும்.

அடுத்தது எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலை ஆய்வு உதவித்தொகைக்கு மாற்றம். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். 42,000. இரண்டு ஆண்டு முடிந்தால் தானாக மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், மாறாது. கைடு, எச்.ஓ.டி., வெளியிலிருந்து ஒரு நிபுணர் என மூவர் குழு மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். ஆறு மாதம் தள்ளினால் 30,000 ரூபாய் நிலுவையில் நிற்கும். வீட்டு வாடகைப் படி சதவீதக் கணக்கு என்பதால் அதிலும் குறையும். வெளி நிபுணரின் தேதி கிடைப்பதுதான் இழுக்கும். ஆகவே இரண்டு ஆண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, ஒரே காலாண்டில் முடிக்கிற எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாள் கேளுங்கள். நாலு பேருக்கு ஒரு நிபுணர் வந்தால் எச்.ஓ.டி.க்கும் சுலபம்.

யூஜிசியின் 2022 பிஎச்.டி. விதிகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள், சிறியதுதான். ஆலோசனைக் குழு முன் ஒவ்வொரு செமஸ்டரும் ஸ்காலர் தன் பணியைச் சமர்ப்பிக்க வேண்டும். நம் ஊரில் அதை டாக்டரல் கமிட்டி என்போம். கூட்டம் நடந்தும் மினிட்ஸில் கையெழுத்து விழாமல் கிடப்பது சகஜம். ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸ் கொடுக்கும் நேரத்தில் செக்‌ஷன் அத்தனை மினிட்ஸையும் கேட்கும், அப்போது பழைய உறுப்பினர் ஓய்வு பெற்றிருப்பார். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருக்கும் ஆசிரியர் புதிதாக ஸ்காலர் எடுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. கால வரம்பு ஆறு ஆண்டு, மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ளவர்களுக்கும் மொத்தம் பத்து வரை போகலாம். ஐந்தாம் ஆண்டில் இருப்பவர்களை ஷீட்டில் வேறு நிறத்தில் வையுங்கள்.

துறைக் கூட்டத்துக்கு மூன்று விஷயத்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். தனியாகப் போகாமல் இன்னொரு ஸ்காலரையும் அழைத்துப் போவது நல்லது. அன்று மாலையே "இன்று பேசியபடி, ஐயா" என்று தொடங்கி, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வதாகச் சொன்னார்கள் என்று ஐந்து வரியில் மெயில் அனுப்புங்கள். மறுப்பு வராவிட்டால் அதுவே ஆவணம். வாட்ஸ்அப் குழுவில் எச்.ஓ.டி.யைப் பற்றி எழுதும் வரி எதுவானாலும் ஸ்கிரீன்ஷாட்டாக அவருக்குப் போய்ச் சேரும் என்று எண்ணிக்கொண்டே எழுதுங்கள்.

சில விஷயங்களில் பிரதிநிதி கை வைக்கக் கூடாது. பாலியல் தொல்லைப் புகார் என்றால் விசாரிப்பதோ சமரசம் பேசுவதோ உங்கள் வேலையல்ல. உள் புகார்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும் என்பதைச் சொல்லி, வேண்டுமானால் கூடப் போங்கள். மற்ற குறைகளுக்கு, துறையில் கதவு அடைபட்டால், யூஜிசியின் 2023 குறைதீர்ப்பு விதிகளின்படி மாணவர் குறைதீர் குழு இருக்கிறது. அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தியில்லையென்றால் அடுத்து குறைதீர்ப்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம்.

பதவி மாறும்போது ஷீட்டோடு, எந்தத் தாள் எந்த மேசைக்குப் போகும், அங்கே யார் இருக்கிறார், அவர் இல்லாவிட்டால் யார் என்ற ஒரு பக்கத்தையும் அடுத்தவருக்குக் கொடுங்கள். செக்‌ஷனுக்கும் ஒருமுறை நேரில் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துங்கள்.