படுவான்கரையில் இருந்த அப்பா

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் இறந்த தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. அப்பா போன பிறகு வந்த முதல் ஆடி அமாவாசைக்காகக் கொழும்பில் இரவு ரயில் ஏறினேன். பெட்டி முழுக்க அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்குப் போகிற சனம். ஏறாவூர் தாண்டும்போது விடிந்துவிட்டது.

அமிர்தகழியில் குளத்தடிக்குப் போகவே ஒரு மணித்தியாலம் பிடித்தது. பத்து நாள் திருவிழாவின் கடைசி நாள் அது. எள்ளையும் தர்ப்பையையும் கையில் தந்துவிட்டு ஐயர் பெயர் கேட்டார். என் பெயரைச் சொன்னேன். "தகப்பன்ட பேர், தம்பி." அப்பாவின் பெயரை ஃபோம்களில் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். வாய்விட்டுச் சொன்ன ஞாபகம் இல்லை. இரண்டாம் தரம்தான் அவருக்குக் கேட்டது.

பஸ் பிடித்துக் களுவாஞ்சிகுடிக்கு வந்தால் அம்மா காத்தோட்டிக்காய் பொரித்துக்கொண்டிருந்தா. இந்த ஒரு நாளுக்குத்தான் அதற்கு மவுசு, விலையும் அப்படித்தான். கைப்பென்றால் அப்படியொரு கைப்பு. உயிரோடு இருக்கும்வரை அப்பா அதைத் தொட்டதில்லை. அவருக்குப் பிடிக்காத காயை அவருக்கே படைத்துவிட்டுச் சாப்பிட்டோம்.

பின்னேரம் குறுமண்வெளித் துறைக்குப் போனேன், பாதை ஏற. வெளியூர்க்காரருக்கு ஒரு விளக்கம்: எங்களுக்குப் பாதை என்றால் றோட்டு இல்லை, வாவியைக் கடக்கிற மிதவை. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, நெல் மூட்டை, ஆடு, ஆள் எல்லாம் ஒன்றாக ஏறும். இந்தப் பக்கம் சூரியன் எழுகிற எழுவான்கரை, அந்தப் பக்கம் படுகிற படுவான்கரை. மண்முனைத்துறையில் பாலம் வந்துவிட்டது. இங்கே இன்னும் பாதைதான். ஆற்றுவாழை அடர்ந்து கிடந்ததால் பாதை திணறித் திணறிப் போனது.

அப்பா மண்டூர்க்காரர். எங்கள் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைகளுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். அப்பாவும் அப்படிப் பாதையேறி வந்தவர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கரைக்குப் போய்விடுவார். வயல் பார்க்க என்றுதான் சொல்வார். வீட்டில் அவர் பேசியதை எண்ணிவிடலாம். சாப்பிடும்போது சொதி வேணும் என்றால்கூடக் கோப்பையைத் தள்ளிக் காட்டுவார்.

மண்டூரில் மாமி, அப்பாவின் தங்கச்சி, வாசலிலேயே நின்றா. பக்கத்தில் அப்பாவின் கூட்டாளி ஒருவர், எனக்கும் மாமா முறைதான். தேத்தண்ணி குடித்து முடிய மாமி உள்ளே போய்ப் பழைய தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தா. திறந்தால் சதங்கை. தோல் வெடித்து, மணிகள் பச்சை பூத்திருந்தன. அடியில் ஒரு படம்: கண்ணுக்கு மை தீட்டி, இடுப்பில் கை வைத்து, பெரிய கரைச் சீலையில் ஒரு பெண்.

"ஆர் மாமி இது?"

மாமா வெடித்துச் சிரித்தார். "உன்ட கொப்பன்டா!"

எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்தான வடமோடிக் கூத்தில் அப்பா திரௌபதை. இவர் அர்ச்சுனன். கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரிடம் மாதக் கணக்கில் இரவிரவாகப் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அதாவது முழு ஒத்திகை பார்த்து, பிறகு களரி ஏற்றினார்களாம். அரங்கேற்றம் முடிய ஊர் ஊராகப் போயும் ஆடியிருக்கிறார்கள். "உங்கப்பன்ட குரலுக்குத்தான் பொம்புளயள் வந்து குந்துற. கத அளக்கிறதிலயும் ஆள் மன்னன், வாய் மூடமாட்டான்" என்றார் மாமா. நான் மாமியைப் பார்த்தேன். அவ தலையாட்டினா.

1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போனது, கூத்துடுப்புப் பெட்டியும் போனது. அந்த இரவு அண்ணன் தன்னைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, கதவுப் பலகையை மேலே பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றதை மாமி சொன்னா. அதைச் சொல்லும்போது அவவின் கை சதங்கைத் தோலைத் தடவிக்கொண்டே இருந்தது. மறுகா அடுத்த வருசம் கலியாணம். அதோடு அப்பா ஆடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தத் திண்ணையில் இருந்து மாமா தாளம் போட, அவர் பாடுவாராம். அத்தனை வருசமும் அந்த வயல் இந்தத் திண்ணைதான் போல.

சதங்கையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, மாமியும் தருகிற மாதிரித் தெரியவில்லை. படத்தை மட்டும் தந்தா. கடைசிப் பாதைக்கு ஓடினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நீட்டினேன். கோபப்படுவாவோ என்று உள்ளுக்குள் பயம்தான். கண்ணாடியைப் போட்டு, விளக்கடியில் பிடித்து நிறைய நேரம் பார்த்தா.

"அவ்வளவு ஊரில் ஆடின மனிசன் ஒரு சொல்லும் சொல்லேல்லயே அம்மா" என்றேன்.

"எங்கட கோயிலடியிலயும் ஆடினவர்" என்றா அம்மா, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்தச் சீல ஆருட எண்டு நினைக்காய் மனே? வேசத்துக்கு எண்டு என்னட்டத்தான் வாங்கின. இன்னும் திருப்பித் தரல்ல."