பாக்டீரியா வழி தேடும் விதம்

சர்க்கரையையோ அமினோ அமிலத்தையோ நோக்கி பாக்டீரியா நீந்திச் செல்கிறது என்று பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. படிக்கும் மாணவர், அது தன் முன்புறத்தையும் பின்புறத்தையும் ஒப்பிட்டுத் திசையைத் தேர்ந்தெடுப்பதாக எண்ணிக்கொள்வார். ஆனால் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் நீளமே உள்ள, குடலில் வாழும் பாக்டீரியாவான ஈ.கோலை, சில நொடிகளுக்கு முன் சுற்றுப்புறம் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்பதைத்தான் ஒப்பிடுகிறது.

1972-ஆம் ஆண்டில் மேக்நாப், கோஷ்லாண்டு என்ற ஆய்வாளர்கள் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவை வைத்து இதைக் காட்டினார்கள். ஈர்க்கும் பொருளின் செறிவைத் திடீரென உயர்த்தி, எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்கும்படி கலந்துவிட்டார்கள். போக வேண்டிய திசை என்று ஒன்றுமே இல்லாத அந்த நீரிலும் பாக்டீரியாக்கள் சிறிது நேரம் திசை மாறி உருளாமல் நேராக நீந்தின. அதே ஆண்டில் பெர்க்கும் பிரவுனும், ஒற்றைச் செல்லைப் பின்தொடரும் நுண்ணோக்கியைக் கொண்டு, ஈ.கோலை ஏறத்தாழ ஒரு நொடி நேராக ஓடி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் உருண்டு, வேறு திசையில் மறுபடி ஓடுவதையும், செறிவு கூடும் பக்கம் போகும்போது அந்த ஓட்டம் நீளுவதையும் அளந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கண்ணாடித் தகட்டுச் சோதனை. பாக்டீரியா நீந்தச் சுழற்றும் வால் போன்ற கசையிழையைத் தகட்டில் ஒட்டிவிட்டால், இழை சுழல முடியாமல் உடலே சுழலும். இடஞ்சுழியாகச் சுழல்வது நேரான ஓட்டத்துக்கும், வலஞ்சுழியாகச் சுழல்வது உருளலுக்கும் உரியது. இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழலும் செல்லின் மேல், அதை ஈர்க்கும் அமினோ அமிலமான அஸ்பார்ட்டேட்டின் கரைசலைச் செலுத்தினால், அது இடஞ்சுழியாக மட்டுமே சுழலும். அஸ்பார்ட்டேட் அப்படியே இருக்கும்போதே, சற்று நேரத்தில் பழையபடி மாறி மாறிச் சுழலத் தொடங்கிவிடும். சுற்றுப்புறப் பொருள்களை உணரும் உணர்விப் புரதங்களில் மெத்தில் தொகுதிகள் என்ற சிறு வேதித் துணுக்குகள் ஏறுவதால் இப்படிப் பழகிப்போகிறது. பழகாவிட்டால் அடுத்த மாற்றத்தை அது உணர முடியாது. ஆகவே செறிவை மாற்றிப் பார்க்காத சோதனையால் பெரிதாக ஒன்றும் தெரியவராது என்பது என் கருத்து.

"ஏங்கண்ணு, அந்தப் பாக்கெட்டுப் பூச்சிக்குக் கண்ணு இருக்குதா, வேரு எங்கேன்னு பாத்துப் போறதுக்கு?" என்று கோபிச்செட்டிபாளையத்தில் நெல் வைக்கும் என் மாமா கேட்டார். அவர் நடவுக்கு முன், உயிர் உரமாகப் பாக்கெட்டில் விற்கும் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியாவைக் கரைத்த நீரில் நாற்றின் வேரை நனைப்பவர். தழைச்சத்தை நிலைநிறுத்தும் நைட்ரஜனேஸ் நொதியை ஆக்சிஜன் கெடுத்துவிடும் என்பதால், ஆக்சிஜன் குறைந்த இடத்தையே அசோஸ்பைரில்லம் நாடும். மெல்லிய கண்ணாடிக் குழாயில் விட்டால், காற்றுப்படும் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளிப் பட்டையாகத் திரண்டு நிற்கும். வேர் கசியும் கரிம அமிலங்களையும் அது நாடுகிறது. ஆனால் மண்ணில் நீர்ப்படலம் அறுந்த இடத்தில் நீச்சலும் நின்றுவிடும். வயல் முழுவதும் தூவிவிட்டுத் தானாகத் தேடிப் போகட்டும் என்று விடுவதைவிட, மாமா செய்வதுபோல் வேரிலேயே ஏற்றிவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நனைத்த நாற்றை வெயிலில் காயவிடாமல் நட வேண்டும், அவ்வளவுதான்.