அவன் என்பதா, அவர் என்பதா

பிப்ரவரி 3

மூன்று மாதங்களாக இந்த நாட்குறிப்பில் அவனைப் பற்றி எழுதிவருகிறேன். பழைய பக்கங்களை இன்று புரட்டியபோதுதான், எல்லா இடத்திலும் 'அவன்' என்றே எழுதியிருப்பது கண்ணில் பட்டது. எனக்கு வயது 46, அவனுக்கு 34. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் மறுபக்கமாக இருந்திருந்தால், என் கை யோசிக்காமல் 'அவர்' என்று எழுதியிருக்கும். பேச்சிலும் அப்படித்தான்: நான் 'நீ' என்கிறேன், அவன் 'நீங்கள்' என்கிறான். மூத்த கணவனை மனைவி 'நீங்கள்' என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் என்னை அப்படி அழைக்கும்போது மட்டும் பக்கத்து மேசையில் பேச்சு ஒரு கணம் நின்றுவிடுகிறது.

பிப்ரவரி 9

ஒரு படிவத்தில் கையெழுத்துக்காகக் காத்திருந்தபோது, மேசைக்கு அப்பால் இருந்த பெண்மணி அவனைப் பார்த்துவிட்டு, "உங்கள் தம்பியா?" என்று என்னிடம் கேட்டார். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் அவன், "கேட்டவர் மீது எனக்கு வருத்தமில்லை" என்று மட்டும் சொன்னான். மீதியை அவன் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பிப்ரவரி 16

தூக்கம் வராததால் தொல்காப்பியத்தை எடுத்தேன். பொருந்தாத காதலைச் சொல்லும் பெருந்திணைக்கு உரியவையாகச் சொல்லப்படும் நான்கனுள் 'இளமை தீர் திறம்' ஒன்று. அதற்கு உரை எழுதும் இளம்பூரணர், தலைமகன் முதியவனாகித் தலைமகள் இளையவளாவதையும், தலைமகள் முதியவளாகித் தலைமகன் இளையவனாவதையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டையும் பொருந்தாக் காமமாகவே எண்ணுகிறார். தீர்ப்பு எனக்குச் சாதகமானதன்று. ஆனால் தராசு நேரானது. பின்னால் வந்தவர்கள் முதல் தட்டில் இருந்ததை மட்டும் ஓசையின்றி இறக்கிவைத்துவிட்டார்கள்.

ஆறுதலுக்காக நாம் தேடும் பெயர்களும் எப்போதும் உதவுவதில்லை. பிரான்சின் அதிபர் மக்ரோனும் அவரைவிட 24 வயது மூத்தவரான பிரிஜித்தும் 2007இல் மணந்துகொண்டதை எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அவர்களுடைய அறிமுகம் ஆசிரியையும் பள்ளி மாணவனுமாகத் தொடங்கியது என்பதால் அந்த எடுத்துக்காட்டை நான் ஏற்க மாட்டேன். அவனும் நானும் சந்தித்தபோது இருவருமே வளர்ந்தவர்கள். ஒருவர்கீழ் ஒருவர் இருந்ததும் இல்லை. துப்பறியும் நாவல்கள் எழுதிய அகதா கிறிஸ்டி எனக்கு நெருக்கமாகப் படுகிறார். முதல் மணம் முறிந்த பிறகு, நாற்பதாவது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருக்கையில், 1930 செப்டம்பரில், 26 வயதுத் தொல்லியல் அறிஞர் மாக்ஸ் மல்லோவனை அவர் மணந்தார். 1976இல் அவர் இறக்கும்வரை அந்த மணவாழ்க்கை நீடித்தது.

பிப்ரவரி 20

சண்டை. தொடங்கியவள் நான்தான். என் வயதில் இயல்பாகக் கருத்தரிப்பது மிக அரிது என்பதையும், எனக்கு 70 ஆகும்போது அவனுக்கு 58தான் ஆகியிருக்கும் என்பதையும் ஒரு கணக்குப்பிள்ளையைப் போல அடுக்கிவிட்டு, உன் வயதுக்கு ஏற்ற ஒருத்தியைப் பார்த்துக்கொள் என்றேன். அவன் குரலை உயர்த்தவில்லை. "எனக்கு எது நல்லது என்பதை நீங்களே முடிவுசெய்வீர்கள் என்றால், நான் உண்மையிலேயே உங்கள் தம்பிதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

பிப்ரவரி 27

ஒரு வாரம் பேச்சில்லை. இதற்கிடையில் கணக்கை மறுபடியும் போட்டேன். உலகச் சராசரியில் பெண்கள் ஆண்களைவிட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள். அப்படியானால், ஐந்து வயது மூத்தவரை மணக்கும் பெண், முதுமையில் பத்து ஆண்டுத் தனிமைக்கும் சேர்த்தே தலையாட்டுகிறாள். அவளிடம் மட்டும் யாரும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை. எங்கள் விஷயத்தில் எண்கள் முழுவதும் சமாதானம் தருவதாகவும் சொல்ல முடியாது: முதலில் நோயில் விழப்போவது பெரும்பாலும் நானாகத்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளப்போவது அவன்.

இரவு வந்தான். "குழந்தை வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உங்களோடு இருக்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரியது" என்றான். ஆசையே இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அன்று மேசையில் 'ஆமாம்' என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

மார்ச் 5

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முதல் நாள் அழுதார். இரண்டாம் நாள் அவனுடைய வேலையைப் பற்றி விசாரித்தார். இன்று, ஞாயிற்றுக்கிழமை அழைத்து வா என்கிறார். அவருக்கு இப்போது ஒரே ஒரு சங்கடம்தான். "மாப்பிள்ளை என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் மரியாதையாக இருக்காது. தம்பி என்று கூப்பிட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்ததன் காரணம் அவருக்கு விளங்கவில்லை.

மாலையில் இதை அவனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, "அவர்கள் கூப்பிடலாம்" என்றான்.