அம்மா ஏன் குளிக்க மறுக்கிறார்?

மறதிநோய் வந்த அம்மா குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், "நேத்தும் குளிக்கல, இன்னிக்குமா?" என்று நம் குரல் தானாக உயர்ந்துவிடும். அந்த நேரத்தில் குளியலறை வாசலில் நின்று, உள்ளே அவர் எதைப் பார்த்து மிரளுகிறார் என்று கவனியுங்கள்.

இந்த நோயில் ஆழம் கணிக்கும் திறன் மங்கும். ஈரத்தில் மின்னும் கறுப்பு டைல்ஸ் அவருக்குப் பள்ளமாகத் தெரியலாம். தலையில் திடீரென விழும் ஒரு சொம்புத் தண்ணீர் அவரைப் பதறவைக்கும். மருமகளை அடையாளம் தெரியாத நாளில், யாரோ வந்து புடவையை அவிழ்க்கிறார்கள் என்றால் எந்தப் பெண்தான் சும்மா இருப்பார்? தோள்பட்டை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் கையை ஓங்குவதும் உண்டு.

கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி, கால் வழுக்காத வெளிர்நிற மிதியடி, மாற்றுத் துணி எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். வெந்நீரை விளாவி, சூட்டை முழங்கையால் பாருங்கள். மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, பாதத்தில் ஆரம்பித்து மெல்ல மேலே வாருங்கள். சொம்பை அவர் கையிலேயே கொடுங்கள். "உட்காரும்மா" என்று சொல்லி, உட்கார்ந்த பிறகே அடுத்ததைச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிட்டு, 20 நிமிடம் கழித்து வேறொருவர் கூப்பிடட்டும். வாரத்தில் இரண்டு மூன்று குளியல் போதும். மற்ற நாளில் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

"என் சங்கிலிய நீதான்டி எடுத்தே" என்றால் வாதாடாதீர்கள், கூடவே தேடுங்கள். தலையணை உறை, அரிசி டப்பா, பழைய புடவை மடிப்பு என்று அவரே ஒளித்துவைக்கும் இடங்கள் பெரும்பாலும் மாறாது.

மற்ற தொல்லைகளுக்கு ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை மணி, அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, நாம் என்ன செய்தோம் என்று ஒரு வாரம் எழுதினால் போதும். சாயங்காலத்தில் மட்டும் "வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்புகிறார் என்பது நோட்டில் தெரிந்தால், இருட்டும் முன்பே விளக்கைப் போட்டு, சிற்றுண்டி கொடுத்து, பகல் தூக்கத்தையும் குறைத்துப் பாருங்கள்.

ஒன்றிரண்டு நாளிலேயே ஆள் மாறிப்போனால் மட்டும் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து இறங்குவது எல்லாமே இப்படிக் குழப்பும். முதியவருக்குக் காய்ச்சல் இல்லாமலும் தொற்று இருக்கும். சளிக்கு வாங்கிய குளோர்பெனிரமைன் மாத்திரைகூடக் காரணமாகலாம். அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் தாமாக வாங்கியது உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.